நட்சத்திரம் வந்தபின் கோர்ட்டில் யார் மிச்சம்?

2025 பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தை மார்க்கெட்டில் இருந்து மரக்கறிப் பையோடு வந்து படியேறிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று ஆகவில்லை. சித்தியின் மகன் ஃபோன் எடுத்தான். ஹலோ கூடச் சொல்லவில்லை. "அண்ணா, லூகாவைக் குடுத்திட்டாங்கள்."

செய்தி போட்ட நிருபரின் கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்றுதான் இரண்டு பேரும் முதலில் நினைத்தோம். இல்லை, உண்மைதான். டல்லாஸ் அணி, எட்டு மாதம் முன்பு தன்னை அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யின் இறுதிப்போட்டி வரை இழுத்துக்கொண்டு போன 25 வயது லூகா டொன்சிச்சை லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வாங்கியது 31 வயது அன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளம் வீரர், லேக்கர்ஸின் 2029 முதற்சுற்றுத் தெரிவு, அதாவது அந்த வருடம் புது வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. எல்லோரும் லூகாவைக் கொடுத்ததைப் பற்றியே பேசினார்கள். டல்லாஸ் பக்கம் நின்று பார்த்தால், அவர்கள் செய்தது பேரெடுத்த ஒரு நட்சத்திரத்தை வாங்கியதுதான். டேவிஸ் சாதாரண ஆள் இல்லை. 2020 இல் லேக்கர்ஸ் கிண்ணம் வென்றபோது லெப்ரோன் ஜேம்ஸுக்குப் பக்கத்தில் நின்றவர். ஆனால் டல்லாஸுக்காக ஆடிய முதல் போட்டியிலேயே காயப்பட்டார். அடுத்த மாதம் அணியின் மற்ற நட்சத்திரம் கைரி ஏர்விங்கின் முழங்கால் போனது. அந்தப் பருவம் பிளேஓஃப் என்ற வெளியேற்றச் சுற்றுக்கே போகாமல் முடிந்தது.

அன்றிலிருந்து எனக்கும் தம்பிக்கும் ஒரே வழக்கு. அவன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பைத்தியம். விக்டர் வெம்பன்யாமாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய நட்சத்திரத்தை உடனே கொண்டு வர வேண்டும் என்பது அவன் கட்சி. யாரைக் கொண்டு வருவது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். கொடுக்க வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் மாறாது: ஸ்டெஃபன் காசில், டிலன் ஹார்ப்பர் என்ற இரண்டு இளம் வீரர்கள், அப்புறம் கையில் இருக்கிற தெரிவுகள் எல்லாம். என் கட்சி வேறு. வருகிற ஆளை விட, அவர் வந்தபின் நம்மிடம் மிஞ்சுகிற ஆட்களை முதலில் பார்க்க வேண்டும். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், தம்பியின் ஆசை ஏன் முட்டாள்தனமானது இல்லை என்று சொல்ல வேண்டும். கூடைப்பந்தாட்டத்தில் ஒரு ஆளின் பெறுமதி மற்ற எந்தக் குழு விளையாட்டிலும் இல்லாத அளவுக்குப் பெரியது. கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய துடுப்பாட்டக்காரரும் முதல் பந்திலேயே ஆட்டமிழந்து போகலாம். ரி20 இல் உலகத்தின் சிறந்த பந்துவீச்சாளருக்கும் 24 பந்துகள்தான். இங்கே கோர்ட்டில் நிற்பது ஐந்து பேர். 48 நிமிட ஆட்டத்தில் ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 35 நிமிடம் ஆடுவார். அந்த நேரம் முழுவதும் வேண்டும்போதெல்லாம் பந்து அவர் கைக்குப் போகும். எதிரணி அடிக்க வரும்போது தடுக்கிறதும் அவர்தான். அதனால்தான் ஒரு ஆள் மாறினால் ஒரு அணியின் தலையெழுத்தே மாறுகிறது.

நமக்கு இதை யாரும் வெளியில் இருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேர் ஆடினாலும் கோல் போட அனுமதி இரண்டு பேருக்குத்தான். அதில் ஒருவர் ஆறடி பத்து அங்குலம் என்றால் எதிரணி என்ன செய்யும்? 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் கை எட்டிய உயரத்துக்கு வேறு யார் கையும் எட்டவில்லை. ஆனால் அந்த ஆட்டங்களை இன்னொரு தரம் பார்க்கும்போது என் கண் போவது அவருக்குப் பந்து எறிந்தவர்கள் மேல். வட்டத்துக்கு வெளியே நின்று, முன்னால் தடுப்பாட்டக்காரி கையை நீட்டிக்கொண்டு நிற்க, அவர் தலைக்கு மேலால் சரியான இடத்தில் பந்தை இறக்க வேண்டும். ஒரு சாண் குறைந்தால் பறிபோகும், ஒரு சாண் கூடினால் வெளியே போகும். அந்தக் கை இல்லையென்றால் உயரம் சும்மா நிற்கும்.

சரி, என்.பி.ஏ.யில் ஆளை வாங்குவது எப்படி நடக்கிறது? ஐரோப்பியக் கால்பந்தாட்டம் மாதிரிப் பணத்தைக் கொடுத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆளுக்கு ஆள். அதுவும் சம்பளம் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். 2025-26 பருவத்தில் ஒரு அணியின் சம்பள வரம்பு ஏறக்குறைய 154.6 மில்லியன் டொலர். பத்து வருடமோ அதற்கு மேலோ அனுபவமுள்ள ஒரு நட்சத்திரம் புது ஒப்பந்தம் எழுதும்போது அதில் 35 சதவீதம் வரை கேட்கலாம். ஏறக்குறைய 54 மில்லியன். அப்படிப்பட்ட ஒருவரை எடுக்க வேண்டுமென்றால் நீங்களும் அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். ஐம்பது மில்லியன் வாங்குகிற இன்னொரு நட்சத்திரத்தை யாரும் அனுப்பமாட்டார்கள். அப்போது போவது யார்? பன்னிரண்டு, பதினைந்து, இருபது மில்லியன் வாங்குகிற நடுத்தர ஆட்கள். மூலையில் நின்று மூன்று புள்ளி போடுகிறவர், எதிரணியின் சிறந்த வீரரைக் காவல் செய்கிறவர், முதல் ஐவருக்கு அடுத்துக் களமிறங்குகிறவர். ஒரு ஆள் வருகிறார், மூன்று பேர் போகிறார்கள். விலை என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்கு மேல் வருங்காலத் தெரிவுகள். ஒவ்வொரு வருடமும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் தன் தெரிவுகளை வாரி வழங்கி அணியையே காலி பண்ணியதால், அடுத்தடுத்த இரண்டு வருடங்களின் முதற்சுற்றுத் தெரிவுகளை விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. இன்றும் அதற்கு அவர் பெயர்தான். அணிகள் அதற்கும் வழி கண்டன. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தெரிவைக் கொடுப்பார்கள். நடுவில் வரும் வருடத்துக்கு, யாருடைய தெரிவு நல்லதோ அதை எடுத்துக்கொள்ளும் மாற்று உரிமையைக் கொடுப்பார்கள். கூட்டிப் பார்த்தால் ஏழு வருடத்துக்கு அணியின் வருங்காலம் அடுத்தவன் கையில்.

2023 இல் வந்த புது ஒப்பந்த விதிகள் இதை இன்னும் இறுக்கின. சம்பளச் செலவு, வரம்புக்கு மேலே வைத்திருக்கிற இரண்டாவது எல்லை ஒன்றைத் தாண்டினால், இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. ஏழாவது வருடத்துத் தெரிவும் முடக்கப்படும். பணக்கார முதலாளி இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. பிழையாக ஒரு ஆளை வாங்கினால் அதைத் திருத்துகிற கதவும் மூடிவிடுகிறது.

இப்போது வென்றவர்களைப் பார்ப்போம். எனக்கு மிக நெருக்கமான உதாரணம் டொரொண்டோ. கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டை எடுத்தாலும் ஸ்காபரோவில் ஒரு மாமாவோ மச்சாளோ இருப்பார்கள், அதனால் ராப்டர்ஸ் இங்கேயும் சொந்த அணி மாதிரித்தான். 2018 ஜூலையில் அவர்கள் டிமார் டிரோசனையும், யாக்கொப் பொல்ட்ல் என்ற இளம் வீரரையும், ஒரு முதற்சுற்றுத் தெரிவையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து கவாய் லெனர்டையும் டானி கிரீனையும் வாங்கினார்கள். டிரோசன் ஒன்பது பருவம் அந்த ஊருக்காக ஆடியவர், அந்த ஊரை விட்டுப் போக நினைக்காதவர். ஸ்காபரோ மச்சாள் அன்று ஃபோனில் அழுதே விட்டாள். வந்தவரோ முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது போட்டிகள் மட்டுமே ஆடியவர், ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம்தான் மிச்சம்.

அப்படியிருந்தும் அது சரியான முடிவு என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். டொரொண்டோ முந்தைய பருவத்தில் 59 போட்டிகள் வென்ற அணி. கைல் லவ்ரி, செர்ஜ் இபாக்கா, பஸ்கால் சியாகம், ஃபிரெட் வான்வ்லீட் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். சியாகம் 27ஆவது தெரிவு, வான்வ்லீட்டை எந்த அணியும் தெரிவே செய்யவில்லை. அந்த அணி தானாக வளர்த்தெடுத்த பிள்ளைகள். இந்த நால்வரில் ஒருவரையும் கொடுக்காமல் வேலை முடிந்தது.

2019 மே 13 காலை, எங்களுக்கு விடியற்புறம் நாலரைக்குத் தொடங்கியது, பிலடெல்பியாவோடு இரண்டாம் சுற்றின் ஏழாவது போட்டி. 90-90. கவாய் வலது மூலைக்கு ஓடி, ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலால் எறிந்தார். நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தில் ஒரு தரம் பட்டு எழும்பியது, அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. உள்ளே விழுந்தது. எல்லோர் ஞாபகத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஒரு மாதம் கழித்துக் கிண்ணத்தைத் தூக்கிய ஆறாவது இறுதிப்போட்டியில், யாரும் தெரிவு செய்யாத அந்த வான்வ்லீட் மாற்று வீரராக வந்து 22 புள்ளிகள் போட்டார். எதிரணி கோல்டன் ஸ்டேட்டின் நட்சத்திரம் கெவின் டுரான்ட் காயம், கிளே தொம்சன் அந்தப் போட்டியிலேயே காயம். அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் கவாய், லொஸ் ஏஞ்சல்ஸின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். டொரொண்டோ உடைந்துபோகவில்லை. மிஞ்சியவர்கள் நல்லவர்கள்.

பொஸ்டனின் 2007 கதையும் இப்படித்தான். கெவின் கார்நெட்டுக்காக ஐந்து வீரர்களையும் இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்தார்கள். பார்க்கப் பெரிய விலை. ஆனால் போல் பியர்ஸ் இருந்தார், ஒரு மாதம் முன்பு ரே அலன் வந்திருந்தார், 21 வயது ரஜோன் ரொண்டோவைக் கொடுக்கவில்லை. 24 வெற்றி பெற்ற அணி அடுத்த பருவத்தில் 66 வென்று கிண்ணத்தையும் எடுத்தது.

அதே கார்நெட்டும் அதே பியர்ஸும் 2013 இல் புரூக்ளினுக்குப் போனபோது ஒருவருக்கு வயது 37, மற்றவருக்கு 35. புரூக்ளின் கொடுத்தது 2014, 2016, 2018 முதற்சுற்றுத் தெரிவுகள், 2017 இல் மாற்று உரிமை. முதல் பருவத்தில் 44 வெற்றி, இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோல்வி. பியர்ஸ் ஒரே பருவத்தில் போய்விட்டார், கார்நெட் இரண்டாவது பருவத்தின் நடுவில். அதன்பின் புரூக்ளின் 21 வெற்றி, 20 வெற்றி என்று தரையில் கிடந்தது. தோற்றால் நல்ல தெரிவாவது கிடைக்கும் என்பதுதான் தோற்கிற அணியின் ஒரே ஆறுதல். அதுவும் பொஸ்டனுக்குப் போனது. அந்தத் தெரிவுகளின் வழியே வந்தவர்கள்தான் ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும். 2024 இல் பொஸ்டன் கிண்ணம் வென்றபோது இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் ஜேலன் பிரவுன்.

கிளிப்பர்ஸ் கதையைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன். 2019 இல் கவாயைக் கொண்டு வர வேண்டும் என்றால் போல் ஜோர்ஜும் வர வேண்டும் என்ற நிலை. ஒக்லஹோமா சிட்டிக்கு அவர்கள் கொடுத்தது ஐந்து முதற்சுற்றுத் தெரிவுகள், இரண்டு மாற்று உரிமைகள், டனிலோ கல்லினாரி, இன்னும் 21 வயது நிரம்பாத ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர். கிளிப்பர்ஸ் 2021 இல் தங்கள் சரித்திரத்தில் முதல் தடவையாக மேற்குப் பிரிவு இறுதிப்போட்டிக்குப் போனார்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2024 இல் போல் ஜோர்ஜ் பதிலுக்கு ஒன்றும் தராமல் பிலடெல்பியாவுக்குப் போனார். அடுத்த வருடம் ஷே பருவத்தின் சிறந்த வீரர், இறுதிப்போட்டியின் சிறந்த வீரர், ஒக்லஹோமா சம்பியன். ஐந்தாவது இறுதிப்போட்டியில் 40 புள்ளிகள் போட்ட ஜேலன் வில்லியம்ஸும் கிளிப்பர்ஸ் கொடுத்த ஒரு தெரிவில் வந்தவர். இங்கே தெரிவுகளைக் கொடுத்தது கூட என்னைச் சுடவில்லை. முதல் பருவத்திலேயே 82 போட்டிகளும் ஆடி, பிளேஓஃபிலும் பயமில்லாமல் நின்ற ஒரு பையனைக் கொடுத்ததுதான்.

பீனிக்ஸைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022 இல் 64 வெற்றி பெற்ற அணி, 2023 பெப்ரவரியில் டுரான்டுக்காக மிகால் பிரிட்ஜஸையும் கேம் ஜோன்சனையும் நான்கு முதற்சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்தது. சில மாதத்தில் பிராட்லி பீலும் வந்தார். மூன்று பெரிய பெயர்கள், சுற்றிவர ஓடித் தடுக்க ஆளில்லை. 2024-25 பருவத்தில் 36 வெற்றி, 46 தோல்வி.

இதை நான் என் கண்ணாலும் பார்த்திருக்கிறேன், மிகச் சின்ன அளவில். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு கம்பனி, வர்த்தக நிறுவனங்களுக்கு இடையிலான சுற்றுப்போட்டியில் எப்படியும் கிண்ணம் எடுக்க வேண்டும் என்று, தேசிய மட்டத்தில் ஆடிய ஒருவருக்கு வேலை கொடுத்துக் கூட்டி வந்தது. தங்கமான மனுசன், அருமையான ஆட்டக்காரர். அவருக்கு இடம் விட, கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பையன் பெஞ்சுக்குப் போனான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. இடது மூலையில் கால் இரண்டையும் கோட்டுக்கு வெளியே வைத்து, முழங்காலை மடித்து, பந்து வரும் வரை காத்திருப்பான். வந்தால் எறிவான். பத்தில் நான்கு விழும். அவன் அங்கே நிற்கிறான் என்பதற்காகவே ஒரு தடுப்பாட்டக்காரன் உள்ளே போகாமல் அவனுக்குப் பக்கத்தில் நிற்பான்.

முதல் மூன்று ஆட்டங்களும் சுலபமாக வென்றோம். அரையிறுதியில் எதிரணிக்கு விசயம் விளங்கிவிட்டது. எங்கள் நட்சத்திரம் பந்தைத் தொட்டவுடன் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். மூலையில் இப்போது நின்றது எறியத் தெரியாத நான். என்னைக் காக்க வேண்டியவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினான். அவர் எனக்குத்தான் பாஸ் போட்டார், ஐந்து தரம். ஐந்தும் வளையத்தில் பட்டு வெளியே. பெஞ்சில் அந்தப் பையன் முழங்காலில் துவாயைப் போட்டுக்கொண்டு இருந்தான். தோற்றோம். அடுத்த வருடம் அவர் நல்ல சம்பளத்தில் வேறு கம்பனிக்குப் போனார், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பையன் பயிற்சிக்கு வருவதை ஏற்கனவே நிறுத்திவிட்டான். நாங்கள் அந்த வருடம் ஆறு பேரோடு தொடங்கினோம்.

ஆகவே தம்பியின் ஸ்பர்ஸுக்கு வருகிறேன். வெம்பன்யாமா 2004 இல் பிறந்தவர். 2025 பெப்ரவரியில் ஏற்கனவே டிஆரன் ஃபொக்ஸை வாங்கிவிட்டார்கள். 2026-27 இலிருந்து அவருக்கு நான்கு வருடத்துக்கு 229 மில்லியன் டொலர். 2027-28 இலிருந்து வெம்பன்யாமாவின் பெரிய ஒப்பந்தம் தொடங்கும். இவற்றுக்கு மேல் 54 மில்லியன் ஆள் ஒருவர் வந்தால் மூன்று பேரே வரம்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவார்கள், இரண்டாவது எல்லை வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் அணிக்குத் தேவை குறைந்த சம்பளத்தில் நிறைய ஆடுகிற ஆட்கள். அப்படிப்பட்டவர்கள் யார்? முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் வீரர்கள். காசில் 2024-25 பருவத்தின் சிறந்த புதுமுக வீரர். ஹார்ப்பர் 2025 இன் இரண்டாவது தெரிவு. தம்பி கொடுக்கச் சொல்வது சரியாக அவர்கள் இரண்டு பேரையும்.

நான் எந்த நட்சத்திரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹூஸ்டன் 2025 இல் செய்ததைப் பாருங்கள். 52 போட்டிகள் வென்று முதல் சுற்றில் வெளியேறிய அணி அது. டுரான்டுக்கு அப்போது 36 வயது, பீனிக்ஸ் அவரை அனுப்பியே ஆக வேண்டிய நிலையில் இருந்தது. ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், ஒரு பத்தாம் தெரிவு, ஐந்து இரண்டாம் சுற்றுத் தெரிவுகள், அவ்வளவுதான் விலை. ஆமென் தொம்சன், அல்பெரென் செங்குன், ஜபாரி ஸ்மித் மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். பிரிட்ஜஸையும் ஜோன்சனையும் நான்கு முதற்சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்து வாங்கிய அதே ஆள், இரண்டரை வருடம் கழித்து இந்த விலைக்கு. காத்திருந்தவனுக்குக் கிடைத்தது.

போன சனிக்கிழமை பேக்கரியில் பிளேன்டீ குடித்துக்கொண்டே தம்பியிடம் பில் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "உன்ர ட்ரேடை எழுது. ஆனா போறவங்களை எழுதாத, இருக்கிறவங்களை மட்டும் எழுது" என்றேன். வெம்பன்யாமா என்று எழுதினான், ஃபொக்ஸ் என்று எழுதினான், அந்த வாரத்து நட்சத்திரத்தின் பெயரை எழுதினான். நாலாவது வரியில் பேனை நின்றது. பணிஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அண்ணா, மூலையில யார் நிக்கிறது?"